அக்கா கேட்டவை

பிப்ரவரி 1, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். குட்டிக்கு மூக்கு ஒழுகுகிறது, ஆனால் அது எப்போதும் ஒழுகுகிற மூக்குதான். உன் முழங்கால் வலி எப்படி? அத்தானுக்குப் பட்டறையில் வேலை குறைந்ததா, இல்லை இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகூட இழுத்துக்கொண்டு போகிறார்களா?

டிசம்பரில் நீ வந்தபோது அரைகுறையாகக் காட்டினேனே, அந்த டெர்மினல் புரோகிராம் ஒருவழியாக முடிந்தது. ஃபிளாப்பியை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பியிருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரை டெலிபோன் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரோடு பேச வைப்பதுதான் இதன் வேலை. இனி நீ வியாழன்தோறும் பத்திரிகை அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டாம். அவர்களிடம் இருப்பது உன் திரையில் வரும், நீ திருத்துவது அவர்களுக்குப் போகும். பெயர் 'கம்பி'.

செய்ய வேண்டியது இதுதான். டெலிபோனில் எண்ணைச் சுழற்று. ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திரு. மறுமுனைக் கம்ப்யூட்டர் எடுத்ததும் விசில் அடிக்கும். விசில் கேட்ட பிறகு ரிசீவரை, கம்ப்யூட்டரையும் டெலிபோனையும் இணைக்கிற மோடம் பெட்டியின் இரண்டு ரப்பர் கிண்ணங்களிலும் அழுத்தி உட்கார வை. முன்னாலேயே வைத்துவிட்டால், யாராவது ஆள் எடுத்தாரா, எங்கேஜ்டா என்று உனக்குத் தெரியாது. மறுபடியும் எழுதுகிறேன்: விசில் கேட்ட பிறகு. உனக்குத்தான் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டுமே.

இதைப் பயன்படுத்துகிறவர்கள் உன்னோடு சேர்த்துப் பதினொரு பேர். ஆளுக்கொரு அட்டை போட்டு, அவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். 'பல் டாக்டர் கேட்டவை', 'ஸ்டாம்ப் சேர்ப்பவர் கேட்டவை' என்று மேலே தலைப்பு. 'அக்கா கேட்டவை' என்று உனக்கும் ஒன்று போட்டாயிற்று. கூச்சப்படாமல் கேள்.

முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வழக்கம்போல் போன் செய்கிறேன்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது. குட்டியின் மூக்கை வெந்நீர் ஆவியில் காட்டச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது கம்ப்யூட்டர் முன்னாலேயே தட்டை வைத்துக்கொண்டிருக்கிறாயா?

உன் புரோகிராம் வேலை செய்கிறது. 'கம்பி' என்று நீ பேர் வைத்தபோதே நினைத்தேன், பாதியில் கம்பி நீட்டும் என்று. வியாழக்கிழமை இரண்டு தடவை நீட்டியது. மற்றபடி குறையில்லை. எந்தக் கப்பல் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்துக்கு என்று பதினாறு பக்கமும் வீட்டு மேஜைக்கே வந்துவிட்டது. நான்கு கப்பல்கள் புறப்படுவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தன, திருத்தினேன். பதினேழு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன், கப்பல்களுக்கு இன்னும் புத்தி வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், அட்டையில் எழுதிக்கொள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அலுவலகக் கம்ப்யூட்டர் ஒரு மணி அனுப்புகிறது. அது அடித்து அரை நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால் கோபித்துக்கொண்டு லைனை வெட்டிவிடுகிறது. அடுத்த தெருவில் மரம் அறுக்கிற பட்டறை திறந்திருக்கிறார்கள், ஒரே சத்தம். அதனால் மணி அடித்தால் திரையில் ஏதாவது தெரிகிற மாதிரி செய்ய முடியுமா? வெளிச்சம் மாறினால்கூடப் போதும்.

ஞாயிறன்று நீ கூப்பிட்டபோது என் கை ஈரம். அதனால்தான் அத்தானிடம் கொடுத்துவிட்டேன். நன்றாகப் பேசினார், போன் இல்லாமலேயே உனக்குக் கேட்டிருக்கும்.

அன்புள்ள,
அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். ஆவி பிடித்ததில் குட்டி தேவலை, ஆனால் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கண்டாலே இப்போது ஓட்டம் எடுக்கிறாள். அங்கே உங்கள் இருவர் உடம்பும் எப்படி என்று எழுது.

கம்பி நீட்டியதைப் படித்து இங்கே உன் தம்பி பெண்டாட்டி சிரித்த சிரிப்பு அடங்க ஒரு நாள் ஆயிற்று. பெயரை மாற்றச் சொல்கிறாள்.

மணி விஷயம் பார்த்தேன். திரையில் காட்டுவதென்றால் புரோகிராமில் பெரிய இடம் பிடிக்கும், கம்ப்யூட்டருக்கு இருக்கிற ஞாபகத்தில் ஒரு மூலைகூட மிச்சமில்லை. ஆகவே சுலபமான வழி செய்துவிட்டேன். மணியை மூன்று மடங்கு நீளமாகவும் இரண்டு மடங்கு உரக்கவும் ஆக்கியிருக்கிறேன். மரப் பட்டறை என்ன, ரயிலே குறுக்கே போனாலும் கேட்கும். புது ஃபிளாப்பி இத்துடன்.

இந்த மாத ஞாயிறு நீ கடைக்குப் போயிருப்பதாக அத்தான் சொன்னார். பத்து மணிக்குக் கூப்பிடுவேன் என்று தெரியும்தானே? போகட்டும், அடுத்த மாதம் பேசலாம்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். குட்டியைப் பாத்திரத்துக்குப் பழக்க வேண்டுமானால் முதலில் நீ ஆவி பிடித்துக் காட்டு. அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு வந்து போனது.

புது மணி முதல் தடவை அடித்தபோது அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து வாசல் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு வந்து, "என்னடி இது, தீயணைப்பு வண்டியா?" என்றார். நான் அப்போது பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் எனக்குத் தொந்தரவாக இல்லை. ஆனால் நான் கேட்டது இதுவல்ல. மணி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டேன். இப்போதைக்கு நானே ஒரு வழி செய்துகொண்டேன், நடக்கிறது.

இன்னொன்றும் எழுதிக்கொள். மறுமுனை விசிலடித்தால் அதையும் திரையில் காட்ட வேண்டும். இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன்: எண்ணைச் சுழற்றியதும் ரிசீவரைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறேன். விசில் வந்தால் கை குறுகுறுக்கிறது. எப்போதும் சரியாக வருவதில்லை. போன வாரம் குறுகுறுத்தது விசில் இல்லை, ஆள். அலுவலக டெலிபோன் ஆப்பரேட்டர் ஐந்து நிமிடம் ஹலோ ஹலோ என்று கத்தியிருக்கிறார். நான் விசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். உதவி ஆசிரியருக்குப் புகார் போய்விட்டது.

அவரிடமிருந்து சீட்டு வந்தது. ஆகஸ்ட் முதல், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் வியாழன் மாலை போனில் நேராகப் பேசித் திருத்தங்களை ஒவ்வொன்றாக உறுதிசெய்ய வேண்டுமாம். இயலாதவர்களின் பக்கங்கள் வேறு ஆளுக்குப் போகும். அவர் மேல் தப்பில்லை. கப்பல் தேதி தப்பினால் நாலு பேர் துறைமுகத்தில் நிற்பார்கள். ஆனால் இந்தப் பதினாறு பக்கம் போனால் எனக்கென்று ஒன்றும் இல்லை, தம்பி. அதை உன்னிடம் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

ஞாயிறன்று கொஞ்சம் படுத்துவிட்டேன். அதனால் பேச முடியவில்லை.

அன்புள்ள,
அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குறைவில்லை. அத்தானை இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளச் சொல், கனமானதைத் தூக்க வேண்டாம்.

மணி சத்தம் அதிகமென்றால் இப்போது அதை நிறுத்தவே ஒரு விசை வைத்துவிட்டேன். இனி அத்தான் நிம்மதியாக உட்காரலாம். விசிலைத் திரையில் காட்டுவது மட்டும் எதற்கு என்று விளங்கவில்லை. பல் டாக்டர் பச்சை எழுத்து வேண்டும் என்கிறார், ஸ்டாம்ப்காரர் மூலையில் கடிகாரம் வேண்டும் என்கிறார், நீ விசிலைப் பார்க்க வேண்டும் என்கிறாய். காது எதற்கு இருக்கிறது? ரிசீவரைக் கையில் தடவிப் பார்த்தால் எப்படி சரியாக வரும்? சொன்ன மாதிரி செய், காதில் வைத்துக் கேட்டுவிட்டு அப்புறம் வை. உதவி ஆசிரியர் சொல்வதிலும் ஒன்றும் கஷ்டம் இல்லையே. வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் பேசினால் முடிந்தது.

அதை விடு. நான் போன் செய்து மூன்று மாதமாக அத்தானிடம்தான் பேசுகிறேன். ஒரு மாதம் கை ஈரம், ஒரு மாதம் கடை, ஒரு மாதம் படுக்கை. உனக்கு என் மேல் ஏதாவது கோபமா? இருந்தால் நேராகவே சொல்லிவிடு. நாம் இருவரும் அப்படி மறைத்துப் பழகியவர்கள் இல்லை.

அன்புடன்,
தம்பி


ஜூன் 7

அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்கிறீர்கள் என்று அத்தான் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மே ஞாயிறும் ஜூன் ஞாயிறும் கூப்பிட்டேன். ஜூனில் நீயே எடுத்தாய் என்று நினைக்கிறேன். நான் "அக்கா, நான்தான்" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டாய். பிறகு அத்தான் கூப்பிட்டு, ராங் நம்பர் என்று நினைத்துவிட்டாள் என்றார். என் குரல் உனக்கு ராங் நம்பர் ஆகிவிட்டது.

நான் என்ன சொன்னாலும் நீ காதில் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

கம்பியின் இரண்டாவது பதிப்பு ஜூலையில் வரும். வந்ததும் அனுப்புகிறேன்.

தம்பி


ஜூன் 26

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதும் கடிதம். நான் கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும், கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அனைவரும் சுகம்தானே? எனக்கு இடுப்பு பரவாயில்லை.

உன் கடிதத்தை உன் அக்கா மூன்று தடவை படித்துவிட்டு டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். பதில் எழுத உட்காருகிறாள், எழுந்துவிடுகிறாள். என்ன விஷயம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். உங்களுக்குள் என்ன தகராறு என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவளுக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. வருத்தம்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளாக ஆளே ஒரு மாதிரிதான். நான் பட்டறையில் மெஷினுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகியவன், வீட்டிலும் அப்படித்தான் பேசுவேன். அதனால் எங்களுக்குள் ஒன்றும் வித்தியாசம் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டம்மா பேசினால் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போன மாதம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, குக்கர் விசிலும் அடித்துக்கொண்டிருந்தது, இவள் அதற்கு முதுகைக் காட்டி நின்று பாத்திரம் துலக்கினாள். ஏதோ யோசனை என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று, சிரிக்காதே. கம்ப்யூட்டருக்குத் திரையாக இருக்கிற டிவி பெட்டி மேல் ஒரு டப்பா மூடியை வைத்து அதில் நாலு குண்டூசி போட்டு வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் மணி அடிக்கும்போது அந்த ஊசிகள் நடுங்கும். அவள் திரையைப் பார்க்காமல் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதுக்குடி இது என்றால், "அழகுக்கு" என்கிறாள். நீ கம்ப்யூட்டர் தெரிந்தவன், இப்படி ஒரு வழக்கம் உண்டா?

அப்புறம், இங்கே மரப் பட்டறை எங்கே வந்தது? உன் கடிதத்தில் அதைப் பார்த்தேன். அடுத்த தெருவில் இருப்பது ஒரு தையல் கடை.

இப்படிக்கு,
அத்தான்


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை நீயே எழுது, அத்தானை விட்டு எழுதச் சொல்லாதே.

இரண்டாவது பதிப்புக்காக எல்லோருடைய அட்டைகளையும் மேஜையில் பரப்பினேன். உன்னுடையதை எடுத்தேன். பிப்ரவரியில், மணி அடித்தால் திரையில் தெரிய வேண்டும். ஏப்ரலில் மறுபடியும் அதே. அதன் கீழே, விசில் அடித்தால் திரையில் தெரிய வேண்டும். இந்த மூன்றுக்கும் எதிரே, உரக்க ஆக்கியாயிற்று, நிறுத்த விசை வைத்தாயிற்று, தேவையில்லை என்று நான் சிவப்புப் பேனாவில் எழுதியிருந்தேன். பக்கத்தில் அத்தானின் கடிதம் இருந்தது.

தலைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்தில் 'அக்கா கேட்டவை' என்று இருந்தது. கீழே இருந்ததெல்லாம் அக்காவுக்குக் கேட்காதவை.

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று எழுத ஆரம்பித்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நீ சொல்லாமல் இல்லை. இரண்டு தடவைக்கு மேலேயே சொல்லியிருக்கிறாய். எனக்குத்தான் எதுவும் ஏறவில்லை.

புது ஃபிளாப்பியில் இருப்பது: ஒன்று, மணி வந்தால் திரை முழுவதும் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி, நீ விசையைத் தொடும்வரை அப்படியே நிற்கும். இரண்டு, விசில் வந்ததும் மேல் வரியில் 'மறுமுனை தயார்' என்று வரும். இடம் போதாததால் பல் டாக்டரின் பச்சை எழுத்தை எடுத்துவிட்டேன், அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். மூன்றாவது நீ கேட்காதது: இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்துப் பேசலாம். நீ அடிப்பது கீழ்ப் பாதியில், மறு ஆள் அடிப்பது மேல் பாதியில். வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பிரிண்டரில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். உதவி ஆசிரியருக்கும் ஒரு ஃபிளாப்பி தனியாக அனுப்பிவிட்டேன். போனில் உறுதிசெய்வதைவிட எழுத்தில் உறுதிசெய்தால் ஃபைலில் வைக்கலாம், பிறகு யார் சொன்னது என்ற சண்டை வராது என்று எழுதினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

குண்டூசி யோசனை நன்றாக இருந்தது. எனக்கு அது தோன்றியிருக்காது.

அன்புடன்,
தம்பி


ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. காது நன்றாக இல்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஒன்றரை வருடமாகக் குறைந்துகொண்டு வருகிறது. இரண்டு காதும். நரம்பு என்று டாக்டர் சொன்னார், தாளில் எழுதிக் காட்டினார். காதில் மெஷின் வைத்தால் எதிரே நிற்கிறவர் பேசுவது ஓரளவுக்கு விளங்குமாம், போன் மட்டும் உதவாதாம். டாக்டரிடம் போனதை அத்தானுக்குக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் அவர் குரல் ஒன்றுதான் எனக்கு முழுதாகக் கேட்டது. அவரிடம் பேசும்போது மட்டும் நான் பழைய ஆளாக இருந்தேன், அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. போன வாரம் சொன்னேன். கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, "அப்ப இத்தனை நாளா நான் கத்தினது வீண் போகல" என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போய்த் தனியாக நின்றுவிட்டு வந்தார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் அழுகும். டிசம்பரில் உன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நீ என்னைப் பற்றி ஏதோ சொன்னாய், அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னவென்று தெரியாமலே. பிறகு குட்டி என் மடியில் ஏறி, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துச் சொன்னாள்: "அப்பா சொல்றாரு, அத்தைக்கு எல்லாம் ரெண்டு தடவை சொல்லணுமாம்." அவள் ஒரு தடவைதான் சொன்னாள், எனக்கு நன்றாகக் கேட்டது. பிப்ரவரியில் நீ அதையே மையில் எழுதி அனுப்பினாய்.

உன் மேல் கோபம் இல்லை. உண்மையாகச் சொல்கிறேன். வெட்கம்தான். கெட்டிக்காரி என்று நீ பத்துப் பேரிடம் சொல்லிக்கொள்கிற அக்காவாக இருந்து பழகிவிட்டேன். ஜூனில் நான்தான் போனை எடுத்தேன். அழைப்பு வந்தது என்று தெரியாது, தற்செயலாகத் துடைக்கத்தான் எடுத்தேன். உள்ளே ஏதோ ஈ பறப்பது போல இருந்தது, வைத்துவிட்டேன். அது நீ என்று உன் கடிதத்தில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வியாழன் திரை வெள்ளையானது. பதினாறு பக்கத்துக்கும் பதினாறு தடவை. உதவி ஆசிரியர் எழுத்திலேயே உறுதிசெய்யச் சொல்லிவிட்டார், எல்லோருக்குமே அதுதான் இனி முறையாம். போனில் பேசி அவருக்கும் தொண்டை போயிருந்ததாம்.

குண்டூசிகளைத் தையல் டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டேன்.

அன்புள்ள,
அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை உன் தம்பி பெண்டாட்டிக்கும் படிக்கக் கொடுத்தேன். அவள் என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

ஆகஸ்ட் 7 ஞாயிறு, காலை பத்து மணி. நான் கூப்பிட்டால் மணி அடிப்பது உனக்குத் தெரியாது, அதனால் இந்தத் தடவை நீ கூப்பிடு. என் மோடம் தானாகவே எடுத்து விசிலடிக்கும். 'மறுமுனை தயார்' என்று வந்ததும் அடிக்க ஆரம்பி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

ஒரு குறை இருக்கிறது, முன்கூட்டியே சொல்கிறேன். இப்போதைக்கு ஒவ்வொரு எழுத்தும் அடித்த உடனேயே மறுபக்கம் போய்விடும். நான் தப்பாக அடித்து அழிப்பதும் உனக்குத் தெரியும். எனக்கு இரண்டு விரல்தான் ஓடும், பொறுத்துக்கொள். அடுத்த பதிப்பில் ஒரு வரியை முழுதாக அடித்துத் திருத்திய பிறகே போகிற மாதிரி செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம், நீங்கள் நலம் என்று திரையிலேயே பார்த்துவிட்டேன். இருந்தாலும் கடிதத்தில் எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

எட்டு மாதத்துக்குப் பிறகு உன்னோடு நாற்பது நிமிடம் பேசினேன். நாற்பது நிமிடமும் ஒரு வார்த்தைகூட விடாமல் எனக்குப் புரிந்தது. நீ பள்ளி என்று அடித்ததும் பல்லி என்று அடித்ததும் ஒரே மாதிரி வந்ததால், குட்டி எதற்குத் தினமும் பல்லிக்குப் போகிறாள் என்று முதலில் யோசித்தேன். அத்தான் பின்னால் நின்று படித்துவிட்டுச் சிரித்தார், எனக்குக் கேட்டது.

பிரிண்டரில் எடுத்த தாள் என் முன்னால் இருக்கிறது. ஆரம்பத்திலேயே, 'கேட்குதா?' என்று இருக்கிறது. போனில் பேசுகிற பழக்கத்தில் அடித்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் பக்கத்தில் ஒன்றுமே வரவில்லை. நீ தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் 'கேட்குது' என்று அடித்தேன். உனக்காக அப்படி அடிக்கவில்லை. கேட்டது.

அதற்கு அடுத்து நீ அடித்ததையும் பார்த்தேன். 'மன்னி' என்று வந்தது, அழிந்தது. மறுபடி 'மன்னிச்' வரைக்கும் வந்தது, அழிந்தது. மூன்றாவது தடவையும் வந்து அழிந்தது. கடைசியில், 'சாப்பிட்டியா?' என்று நின்றது. நான் 'சாப்பிட்டேன், நீ?' என்று அடித்தேன். திரையில் அவை இப்போது இல்லை. தாளில் நீ அழித்ததெல்லாம் அழியாமல் விழுந்திருக்கிறது. அதை மடித்து டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அட்டையில் எனக்காக ஒன்றே ஒன்று எழுதிக்கொள். வரியை முழுதாகத் திருத்திய பிறகு அனுப்புகிற அந்த மாற்றத்தைச் செய்யாதே. மற்றவர்களுக்கு வேண்டுமானால் செய். என் ஃபிளாப்பியில் மட்டும் இப்போது இருப்பது போலவே இருக்கட்டும்.

நீ ஒரு தடவை சொன்னாலே எனக்குப் போதும். மூன்று தடவை சொன்னாய்.

அன்புள்ள,
அக்கா